ஏறத் தெரியாத மலைக்காரி

"அம்மா, இமயமலைக்கு ட்ரெக்கிங் போவோமா? ஒரு வாரம் நடக்கணும். டென்ட்லதான் தூங்கணும்" என்று மகள் பெங்களூரிலிருந்து போனில் கேட்டபோது, நான் மாடி அறையில் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்கிறோம்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? கவுஞ்சி மலையில பொறந்து, கொடைக்கானல்ல வாக்கப்பட்டவகிட்ட வந்து மலை ஏறுவியான்னு கேக்குற!" என்றேன். யோசிக்கவே இல்லை. என் வாய் எப்போதும் எனக்கு நாலடி முன்னால்தான் போகும்.

அவள் சிரித்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் அவளும் கனடா போகிறார்கள். "அதுக்கு முன்னாடி உன்கூட ஒரு வாரம் இருக்கணும்மா. வீட்ல இருந்தா நீ ரூம் ரூம்னு ஓடிக்கிட்டே இருப்ப. மலையில உன்னால எங்கயும் ஓட முடியாதுல்ல?" அந்த ஒரு வாரத்துக்காக நான் எதையும் செய்வேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையிலேயே நினைத்தேன்.

"அத்தையும் வர்றாங்கம்மா" என்று கடைசியில் சேர்த்தாள். அத்தை என்றால் மாப்பிள்ளையின் அம்மா, என் சம்பந்தி. மருதாநதி அணைப் பக்கம் அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். நல்ல மாதிரியான மனுஷிதான், அதிகம் பேச மாட்டார். வயதில் என்னைவிட இரண்டு மூன்று வருஷம் மூத்தவராக இருக்கலாம். மகள் அவரிடம் போனில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல, அவர் சொன்னாராம், "நானும் பனியப் பாத்ததில்லையே தாயி" என்று. உடனே இவளும் கூப்பிட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் மகளோடு நான் இருக்கப்போகிற ஒரு வாரத்தில் இந்த அம்மாவுக்கு என்ன சோலி? ஆனால் பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அதைச் சொல்ல முடியுமா? "தாராளமா வரட்டும்டி, பாவம், கீழ வெயில்லயே கெடக்குறவங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே பஜார் முழுக்கச் செய்தி போய்விட்டது. போக வைத்ததும் நான்தான். ஸ்வெட்டர் கடை பாய் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "என்னம்மா, இமயமலைக்கே கிளம்பிட்டீங்களாமே! மாஷா அல்லாஹ்!" என்றார். "நமக்கென்ன பாய், நம்ம வீட்டு மாடிப்படி மாதிரிதானே. சம்பந்தியம்மாவத்தான் தூக்கிட்டு வர வேண்டியிருக்கும்" என்று நான் சொல்ல, கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அது போதாதென்று வீட்டுக்கு வந்து அந்த அம்மாவுக்கே போன் போட்டு, குளிருக்கு என்ன உடுத்த வேண்டும், மூச்சு வாங்கினால் எப்படி நின்று இழுக்க வேண்டும் என்று வகுப்பே எடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க மதினி, சரிங்க மதினி" என்றார். இப்போது அந்தப் போனை நினைத்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பயிற்சி எடுக்கச் சொல்லி ட்ரெக்கிங் ஆட்கள் பக்கம் பக்கமாக அனுப்பியிருந்தார்கள். மலையைப் பற்றி எனக்கு டெல்லியிலிருந்து ஒருத்தன் சொல்லித் தருவதா என்று அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் நடந்தேன். அதில் குறை சொல்ல முடியாது. வெள்ளனே எழுந்து, மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் செண்பகனூர் வரை நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருமாள்மலை வரைக்கும் போவேன். மாடியில் இருக்கிறவர்கள் எழுந்து காபி கேட்பதற்குள் வீடு திரும்ப வேண்டுமே, அதனால் அங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இதில் என்ன தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உச்சியில் குடியிருக்கிறவர்களுக்கு வாசலைத் தாண்டினாலே இறக்கம்தான். போகும்போது நடப்போம், வரும்போது வண்டியில் வருவோம். வண்டிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மேட்டில் ஒரு ஆள் நடந்து போவதைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜீப்போ, காய்கறி வேனோ, பைக்கோ, தெரிந்த முகமாக இருந்தால் நிறுத்தாமல் போக மாட்டார்கள். நிறுத்தியும் ஏறாமல் நின்றால், "என்னக்கா, கோவமா?" என்று கேட்பார்கள். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

போனில் தினமும் எத்தனை அடி நடந்தேன் என்று காட்டும். அதை அப்படியே படம் எடுத்து, நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். மகள், "அம்மா வேற லெவல்!" என்று பதில் போடுவாள். சம்பந்தியம்மா கும்பிடுகிற கை ஒன்றைப் போடுவார். அவர் தன் நடையைப் பற்றி ஒரு நாளும் எதுவும் போட்டதில்லை. நடந்தால்தானே போடுவார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒனக்கு வாய் மட்டும் ஏறு நடை" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

ஆவணி கடைசியில் மகள் லீவு போட்டு வந்தாள். மூன்று பேரும் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள். இடம் நான்தான் சொன்னேன். பெரியகுளத்துக்கு இறங்குகிற வழியில் அடுக்கம் ஊருக்குக் கீழே வண்டியில் போய் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து மேலே டீக்கடை வரை நடந்து வருவது. சம்பந்தியம்மா முதல் நாளே வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி வந்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, காலில் ஷூ. முதுகுப்பைக்குள் கனத்துக்காகத் தன் தோப்புத் தேங்காய்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "என்ன மதினி, இமயமலையில தேங்கா யாவாரமா?" என்று கேட்டேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். என் பையில் அரிசிப் பொட்டலங்கள் இருந்தன.

முதல் வளைவு வரை நான்தான் முன்னால் போனேன், பேசிக்கொண்டே. இது காப்பி, இது மிளகு, அது பலா. இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவில் என் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது, பழைய ரைஸ் மில் மாதிரி. கால் நன்றாகத்தான் இருந்தது. இறங்கி இறங்கி உரம் ஏறிய கால். காற்றுதான் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி கயிற்றைக் கட்டினேன். அந்த அம்மாவோ வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. வாயைத் திறக்காமல் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மேலே போய் நின்று எனக்காகக் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடாமல், எனக்கு மூச்சு அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிற்பார். அந்தக் கரிசனம்தான் எனக்கு ஆகவில்லை.

"மதினி, அந்தப் பைய இங்கிட்டுக் குடுங்க. எனக்கு ஒண்ணும் பாரமில்ல" என்று கையை நீட்டினார்.

"வேணாம் மதினி. நீங்க ஒங்க காலப் பாத்துப் போங்க" என்றேன். வெடுக்கென்றுதான் வந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. நான் ஒரு போன் பேசிட்டு வர்றேன்."

"இங்க சிக்னலே இல்லையேம்மா?"

"எங்க கெடைக்கும்னு எனக்குத் தெரியும்டி. போவியா!"

அவர்கள் வளைவில் மறைந்ததும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்ன, விழுந்தேன். அழுகை வந்தது. வெட்கத்தில் வருகிற அழுகை ரொம்பக் கேவலம், யாரையும் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. கொடைக்கானல் சந்தைக்குச் சவ்சவ் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற தெரிந்த வண்டி. வழக்கப்படி நின்றது.

"என்னக்கா, இங்க உக்காந்திருக்கீங்க? ஏறுங்க வெரசா, சந்தைக்கு நேரமாச்சு."

ஏறினேன். முன்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. மேலே டீக்கடைக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கிக்கொண்டு, மிச்சத்தை நடந்து, குறுக்கு வழியில் வந்தேன் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். நடுவில் அவர்கள் இருவரும் அதே சாலையில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்கிற சின்ன விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை. ஒரே சாலைதானே இருக்கிறது!

டிரைவர் ஹாரன் அடித்தபோதுதான் உறைத்தது. அடக்கடவுளே என்று தொப்பியை இழுத்துவிட்டு, மூட்டைகளுக்கு இடையில் குப்புறப் படுத்தேன். ஐம்பது தாண்டியவள், மூன்று அறைக்கு முதலாளி, சவ்சவ் மூட்டைக்குள் முகத்தை வைத்துப் படுத்திருந்தேன். ஜீப் அவர்களைத் தாண்டியது. தாண்டிவிட்டது என்று தலையைத் தூக்கினேன். ஜீப்பின் பின்பக்கம் திறந்துதானே இருக்கும்! நேர் எதிரே என் மகள். அவள் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. பக்கத்தில் சம்பந்தியம்மா ஓரத்துப் புதரிலிருந்து சேலையை விடுவித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர் நிமிர்வதற்குள் மகள் அவர் தோளைப் பிடித்துப் பள்ளத்தாக்குப் பக்கமாகத் திருப்பினாள்.

"அத்தை, அங்க பாருங்க, கீழ தெரியுது பாருங்க, அதான் பெரியகுளம்!"

அந்தக் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் பேசினபோது இருந்த அதே சந்தோஷக் குரல். நான் பெற்ற பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்ற நடித்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் அவர்கள் வந்து சேர்ந்தபோது நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள். "அம்மாவுக்கு வீட்ல இருந்து போன் வந்துருச்சாம் அத்தை. ரூமுக்கு ஆள் வந்துட்டாங்களாம். அதான் குறுக்க ஏதோ வண்டியப் புடிச்சு வந்துட்டாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னாள். சம்பந்தியம்மா, "அதான மதினி, பொழப்ப விட முடியுமா" என்று டீயை வாங்கிக் குடித்தார். நம்பினாரா, இல்லையா, இன்று வரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைத்தேன். சமையலறையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பின்னால் நின்றாள்.

"அம்மா, ட்ரிப்ப கேன்சல் பண்ணிரட்டா? ஆபீஸ்ல லீவு தரலன்னு அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் பேரு வெளிய வராது."

அந்த நொடியில் எனக்கு வந்தது கோபமில்லை, துக்கமில்லை, நிம்மதி. மெய்யாகவே நிம்மதி. அப்பாடா, யாருக்கும் தெரியாமல் போகும் என்று மனசு குதித்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. சம்பந்தியம்மா நேற்று பஜாரில் வாங்கின கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்து, "அண்ணே, இது அங்குட்டுப் பனிக்குத் தாங்கும்ல?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தோப்பையும் வீட்டையும் தவிர வேறெதையும் பார்த்திராத மனுஷி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கரண்டியோடு கூடத்துக்குப் போனேன்.

"மதினி, ரூமுக்கு ஆளும் வரல, ஒண்ணும் வரல. என்னால ஏற முடியல. மூச்சு முட்டுது. ஜீப்புல மூட்டைக்குள்ள படுத்துக்கிட்டு வந்தேன். போதுமா?"

ஏதோ அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்த மாதிரி கத்தினேன். என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். சம்பந்தியம்மா கையுறையைக் கழற்றாமல் என்னையே பார்த்தார்.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் மதினி இருந்துச்சு" என்றார். "எங்கூரு அணைக்கட்டுல படி இருக்கு. ஆடி பொறந்ததுல இருந்து தெனமும் ஏறி எறங்குறேன். மொத வாரம் பாதியில உக்காந்து அழுதுட்டேன், பாத்துக்கங்க. இன்னும் நாள் கெடக்கு. ஒரு மாசம் நம்ம வீட்டுக்கு வந்து இருங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே ஏறுவோம். எனக்கும் துணையாச்சு."

எவ்வளவு நல்ல வார்த்தை. யாராவது எனக்கு அப்படியொரு வார்த்தை சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது. அதற்கு நான் சொன்ன பதில் இது:

"நல்லாருக்கு மதினி! மலையில இருக்குறவ ஏறப் பழகுறதுக்கு அய்யம்பாளையத்துக்கு எறங்கி வரணுமா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

அவர் முகம் சுருங்கியது. "தப்பா எடுத்துக்கிறாதீங்க மதினி" என்று சொல்லி, கையுறையைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மடித்தார். சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு நானே ஏறிப் பழகிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். பஸ்ஸில் செண்பகனூர் இறங்கி அங்கிருந்து மேலே நடந்தேன். பத்தடி வைப்பதற்குள் ஒரு வேன் நின்றது. "ஏறுங்கக்கா." வேண்டாம் என்றேன். அடுத்தது ஒரு பைக். "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" அப்புறம் ஸ்கூல் வண்டி. ஏறப் பழகுகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? இமயமலை எனக்கு மாடிப்படி என்று இவர்களிடம்தானே பீற்றிக்கொண்டேன். வண்டிச் சத்தம் கேட்டால் மரத்துக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தேன். ஒரு நாள் அப்படி ஒளிந்திருந்தபோது, எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அதோடு விட்டுவிட்டேன்.

மகள் போனில் கெஞ்சினாள். "அத்தை வீட்டுக்குப் போயேம்மா. ஒரு மாசம்தானம்மா. எனக்காக." ரூமை யார் பார்ப்பது என்றேன். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார் பக்கத்திலிருந்த வீட்டுக்காரர். எனக்கு அவர் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. சாக்கு ஒன்றுதான் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டாரே என்று. போயிருக்கலாம். பெட்டியில் நாலு சேலையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருந்திருப்பேன். போகவில்லை. பஜாரில் முழங்கால் வலி என்று சொன்னேன். பாய் வீட்டிலிருந்து தைலம் கொடுத்தனுப்பினார்கள். வலிக்காத காலுக்கு அதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நான் இல்லாமலேயே அவர்கள் இருவரும் மதுரையில் விமானம் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் சம்பந்தியம்மா போன் செய்தார். "ஒங்க பிள்ளைய நல்லபடியா கூட்டியாந்துருவேன் மதினி. கவலப்படாதீங்க" என்றார். "சரிங்க மதினி" என்றேன். அதற்குப் பிறகு பல நாள் இரண்டு பேர் போனும் கிடைக்கவில்லை. மேலே சிக்னல் இருக்காது என்று மகள் சொல்லித்தான் போயிருந்தாள். ஆனாலும் விரிப்பு மாற்றும்போதும், காபி ஆற்றும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இந்நேரம் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் டென்டுக்குள் யாரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம் படம் வந்தது. சுற்றிலும் வெள்ளையாகப் பனி, நடுவில் இரண்டு பேர். அதைத் திறந்து விரலால் பெரிதாக்கினேன். சம்பந்தியம்மாவின் வாய் திறந்திருக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, எதிலாவது சாய்ந்து நிற்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. மூக்கு மட்டும் குளிரில் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போன் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடிப்படியில் ஓடி வந்தார். "படம் வந்துருச்சா? புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அவளைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் திறந்தேன்.